தேசிக்காய்ச் சூப்

முதல் கரண்டியை வாயில் வைத்த விருந்தாளி, கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

சமையலறைக் கதவோரம் நின்ற இராசம்மா எட்டிப் பார்த்தாள். உப்புக் கூடிவிட்டதோ?

பூண்டுலோயாவுக்கு மேலே இருந்த அந்தத் தோட்டத்துப் பங்களாவில் அவள் சமைக்க வந்து இது மூன்றாவது வருடம். தோட்டத்தை நடத்தும் இப்போதைய பெரியதுரை மாற்றலாகி வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. அவர் மேசையிலிருந்து இதுவரை ஒரு கோப்பைகூட மிச்சத்தோடு திரும்பியதில்லை.

அவள் பங்களாவை விட்டு அதிகம் இறங்குவதில்லை. கடைத்தெருவில் ஏதாவது வேண்டுமென்றால் வேலைக்காரன் பழனியாண்டியைத்தான் அனுப்புவாள். ஆள் ஒரு மாதிரி என்று தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பேசிக்கொண்டார்கள். பேசட்டும் என்று இருந்துவிட்டாள்.

விருந்தாளி தேயிலை வாங்க வந்தவர். எந்த நாட்டுக்காரர் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. வளைந்து வளைந்து மலையேறி வந்ததில் அவருக்குக் குடலைப் புரட்டுகிறது, வயிற்றுக்கு இதமாக ஏதாவது செய் என்று மட்டும் துரையின் மனைவி துரைசாணி சொல்லியிருந்தாள்.

கோழி வெந்த சாறு இருந்தது. ஒரு பிடி சோறு இருந்தது. முட்டையை நுரைக்க அடித்து, புளிப்புக்குத் தேசிக்காயைப் பிழிந்து விட்டு, சூடான சாற்றைச் சொட்டுச் சொட்டாக ஊற்றிக் கலக்கினாள். திரையாமல் பால்போல வந்தது. யோசித்துச் செய்யவில்லை. கை செய்தது.

விருந்தாளி மறுபடி கரண்டியை எடுத்தார். இந்தத் தடவை நிறுத்தவில்லை. கோப்பையைச் சாய்த்து அடிவரை வழித்துக் குடித்தார். பிறகு துரையிடம் இங்கிலீசில் வேகவேகமாக ஏதோ சொன்னார். இராசம்மாவுக்கு அதில் இரண்டு சொற்கள்தான் பிடிபட்டன.

ஒன்று கிரீஸ். மற்றது கொச்சிக்கடை.

அவள் கதவை விட்டு நழுவப் பார்த்தாள். அதற்குள் துரைசாணி கூப்பிட்டுவிட்டாள்.

மேசைக்கு முன்னால் போய் நின்றாள். அவளுக்குப் பின்னால், வந்த வழியை அடைத்துக்கொண்டு, பழனியாண்டி தட்டுகளோடு நின்றான்.

துரைசாணி தனக்குத் தெரிந்த தமிழில் விளக்கினாள். இது விருந்தாளியின் ஊர்ச் சூப்பாம். கொழும்பு முழுக்கத் தேடியும் அவருக்குத் தன் நாட்டுச் சாப்பாடு கிடைத்தது ஒரே இடத்தில்தானாம். துறைமுகத்துக்குப் பக்கத்தில், கொச்சிக்கடையில், கப்பல்காரர்கள் சாப்பிடும் ஒரு சின்னக் கடை. எப்போதோ ஒரு கிரேக்கக் கப்பலிலிருந்து இறங்கி இங்கேயே தங்கிவிட்ட கிழவர் ஒருவர் நடத்துகிறாராம். கத்தரிக்காயும் இறைச்சியும் அடுக்கிச் சுட்டது உண்டு. திராட்சை இலை கிடைக்காததால் கோவா, அதாவது முட்டைக்கோஸ் இலையில் சுற்றி அவித்த சோறும் உண்டு. எல்லாம் அச்சு அசல். சூப் மட்டும்தான் இப்போது சரியில்லையாம்.

ஏன் என்று கேட்டதற்குக் கடைச் சமையல்காரன் கஸ்பர் கலங்கிப்போனானாம். அது அவன் மனைவியின் கைப்பக்குவமாம். பெயர் ஐவியாம். ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாளாம். மலைநாட்டுப் பக்கம் யார் போனாலும் அவளை விசாரிக்கச் சொல்லி அழுகிறானாம்.

அழுதிருப்பான். கஸ்பருக்கு நன்றாக அழ வரும். ஒவ்வொரு தடவையும், ஓங்கிய கையை இறக்கிய பிறகு, குழந்தை மாதிரி அழுவான்.

"ஒனக்கு இந்தச் சூப் யாரு சொல்லிக் குடுத்தது? அந்தப் பொம்பளைய தெரியுமா?" என்றாள் துரைசாணி.

விருந்தாளி நல்ல மனிதர். முகமெல்லாம் ஆவலாக அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். தெரியாது என்று சொன்னால் விட்டுவிடுவார்தான். ஆனால் கொழும்புக்குப் போனதும் அந்தக் கடையில் உட்கார்ந்து, மலையில் இப்படி ஒரு சூப் குடித்தேன் என்று சொல்வார். கஸ்பருக்கு அது போதும்.

"தெரியுங்க," என்றாள் அவள். "லயத்துல எங்ககூடதான் இருந்துச்சு. அதுதான் இத சொல்லிக் குடுத்துச்சு. நீங்க இங்க வாரதுக்கு முந்தியே காய்ச்சல்ல செத்துப்போச்சுங்க."

துரைசாணி அதை இங்கிலீசில் சொன்னாள். விருந்தாளி கண்ணை மூடிக்கொண்டார்.

பிறகு அவர் மெதுவாக இன்னொன்று கேட்டார்.

கல்லறை எங்கே இருக்கிறது? கேள்விப்பட்டால் கஸ்பர் பார்க்காமல் இருக்கமாட்டான். என் காரிலேயே அவனைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றார்.

இராசம்மா நிமிர்ந்து பார்த்தாள். துரை, துரைசாணி, விருந்தாளி, மூன்று பேரும் பதிலுக்குக் காத்திருந்தார்கள். லயத்தில் அப்படி ஒருத்தி இருந்ததே இல்லை என்று தெரிந்த பழனியாண்டி பின்னாலேயே நின்றான்.

ஜன்னலுக்கு வெளியே முகில் கொஞ்சம் விலகியிருந்தது. தேயிலைக்குக் கீழே, வெகு கீழே, கொத்மலை அணை கட்டி மறித்த தண்ணீர் பள்ளத்தாக்கை நிறைத்துக்கொண்டு கிடந்தது. சமீபகாலம்வரை வயலும் கோயிலும் வீடுகளும் இருந்த இடம்.

"அந்தா, அதுக்குள்ளங்க," என்று கையை நீட்டினாள். "அங்கனதான் பொதைச்சாங்க. இப்ப தண்ணிக்குள்ள போயிருச்சு."



விருந்தாளி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து ஜன்னலருகே போனார். ஐவி என்று அந்தப் பெயரை ஒருமுறை சொல்லி, தண்ணீரைப் பார்த்துத் தலைகுனிந்து, சிலுவை அடையாளம் போட்டார்.

அவளுடைய வலக்கையும் தானாக எழுந்து நெற்றிக்குப் போனது.

துரைசாணி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கை நெஞ்சுக்கு இறங்கவில்லை. ஒரு விரல் மட்டும் நெற்றிப் பொட்டைத் தொட்டுச் சரிசெய்தது. கொழும்பு பஸ்ஸை விட்டு இறங்கிய அன்று, பூண்டுலோயாவில் ஒரு பெட்டிக்கடையில் வாங்கி, வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் வைத்துக்கொண்ட பொட்டு.