சோதனைச் செய்தி

நிறுவனங்கள் அனுப்பும் குறுஞ்செய்தி ஒவ்வொன்றிலும் அனுப்புநர் பெயருக்குப் பின்னால் ஓர் எழுத்து இருக்க வேண்டும் என்பது விதி. விளம்பரத்துக்கு பி, சேவைக்கு எஸ், பணப் பரிமாற்றத்துக்கு டி. அவற்றை நிறுவனங்களுக்காக அனுப்பிக் கொடுக்கும் அலுவலகத்தில் அந்த எழுத்தைப் போடுவதுதான் பூங்கோதையின் வேலை. இன்று ஒரு மருத்துவமனையிலிருந்து புதிய வாசகம் வந்திருந்தது: ‘வருந்துகிறோம். தங்கள் உறவினர் ........ அவர்களின் உடலைப் பெற்றுக்கொள்ள வரவும்.’

“இதுக்கு என்ன சார் போடுறது?”

“விளம்பரம் இல்லல்ல? அப்ப சேவைதான். எஸ் போட்டு டெஸ்ட் அனுப்பிப் பாரும்மா,” என்றார் மேலாளர் ஹக்கீம்.

சோதனைச் செய்தி அவளுடைய கைபேசிக்குத்தான் வரும். பெயருக்கான இடத்தில் எப்போதும் கணவன் பெயரைப் போடுவாள். ஜெயசீலனுக்கு இதுவரை கார் கடன் கிடைத்திருக்கிறது, சிலிண்டர் வந்திருக்கிறது, பட்டுப்புடவையில்கூடத் தள்ளுபடி கிடைத்திருக்கிறது. பழகிய விரல்கள் இன்றும் அந்தப் பெயரையே அடித்து அனுப்பிவிட்டன.

மேசைமேல் கைபேசி அதிர்ந்தது. வருந்துகிறோம். ஜெயசீலன். எஸ்.

அழித்தாள். அழித்த கையோடு அவனைக் கூப்பிட்டாள். மணி போய்க்கொண்டே இருந்தது. வண்டியில் இருப்பான், அதனால்தான் எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள்.

“டெஸ்ட் சரியா வந்துச்சாம்மா? சரின்னு சொன்னா ஓகே பண்ணிடுவேன்.”

காதில் மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

“இன்னும் வரல சார்.”

ஹக்கீம் தன் திரையை எட்டிப் பார்த்தார். “இங்க டெலிவர்டுன்னு காட்டுதே?”

“இல்ல சார்,” என்றாள். “எனக்கு வரல.”