உங்கள் பிள்ளையைப் பற்றி ஒரு நிமிடம்

"இது வெறும் அறிவிப்பு அல்ல. இந்தப் பள்ளியின் சரித்திரம் இன்று காலை ஒன்பது பத்துக்குத் திரும்புகிறது!"

மைக்கில் தலைமை ஆசிரியர் முழங்கினார். சரித்திரம் திரும்பியதோ இல்லையோ, மைக் ஒருமுறை கீச்சிட்டது. முதல் வரிசைப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

திருப்பம் இதுதான்: 'ஒரு நிமிடத் தொடர்புத் திட்டம்'. வகுப்பாசிரியர்கள் தினமும் சாயங்காலம் பெற்றோரைப் போனில் கூப்பிட்டு, பிள்ளையின் நடத்தையைச் சொல்ல வேண்டும். ஒரு நிமிடத்துக்கு மேல் பேசக் கூடாது. பெயர் சொல்லக் கூடாது, அந்தரங்கம் போய்விடும். 'உங்கள் பிள்ளை' என்றாலே போதும். போன் எண்களின் பட்டியலை யாரையும் நம்பாமல் தாமே உட்கார்ந்து, இரண்டே விரல்களால், இரண்டு நாள் தட்டச்சு செய்திருந்தார்.

ஐந்தாம் வகுப்பு டீச்சருக்குச் சரித்திரத்தில் அக்கறை இல்லை. கவலையெல்லாம் பட்டியலில் பதினேழாவதாக இருந்த சூறாவளியைப் பற்றித்தான். லிஃப்ட் மெக்கானிக்கின் மகள். சூறாவளி என்பது ஆசிரியர் அறை வைத்த பெயர். பெஞ்சு என்பது ஏறுவதற்கு, டஸ்டர் என்பது எறிவதற்கு என்று நினைத்திருப்பவள். ஏற்கெனவே இரண்டு பள்ளிக்கூடம் பார்த்துவிட்டு வந்தவள்.

"மாசக் கடைசிக்குள்ள அடங்கலேன்னா டி.சி.யைக் கிழிச்சுக் கையில குடுத்துடுவேன்" என்று தலைமை ஆசிரியர் சொல்லியிருந்தார். அப்புறம் எந்தப் பள்ளிக்கூடம் அவளைச் சேர்க்கும்?

பதினெட்டாவது, பூனைக்குட்டி. டெய்லரின் மகள். வருகைப் பதிவில் கூப்பிட்டால் கையைத் தூக்குவாளே தவிர, 'உள்ளேன்' என்று ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

முதல் நாள் சாயங்காலம் டீச்சர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு பதினேழாவது எண்ணை அழுத்தினார்.

"அஞ்சாம் வகுப்பு டீச்சர் பேசறேங்க. உங்க பிள்ளை இன்னிக்கு பெஞ்சு மேல ஏறி நின்னு கத்திட்டா."

அந்தப் பக்கம் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்த மெஷின் சட்டென்று நின்றது.

"கத்தினாளா? எம் பொண்ணா? சத்தமாவா டீச்சர்?"

"மூணு வகுப்பு தள்ளிக் கேட்டுதுங்க."

மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் வந்தது. பாவம், மனுஷனுக்கு அவமானம் தாங்கவில்லை என்று டீச்சர் நினைத்துக்கொண்டார்.

"வீட்டுக்குப் போய் நா பேசறேன் டீச்சர். நீங்க மட்டும் அவளைத் திட்டிடாதீங்க."

அடுத்து, பதினெட்டு.

"உங்க பிள்ளை மாதிரி அமைதியான பிள்ளைய நான் பாத்ததே இல்லீங்க. இருக்கற இடமே தெரியல."

"டீச்சர்... கிண்டல் பண்றீங்களா?" கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் குரல் எதிரொலித்தது.

"ஐயோ, சத்தியமாங்க. தங்கமான பொண்ணு."

"தங்கமா!" ஏதோ கைநழுவிக் கீழே விழுந்து உருண்டது.

அப்பாவுக்கே இவ்வளவு அடக்கமா! மகளுக்கு அது எங்கிருந்து வந்தது என்று டீச்சருக்குப் புரிந்துபோயிற்று.

தினமும் இதேதான். பதினேழுக்குப் புகார், பதினெட்டுக்குப் பாராட்டு.

மூன்றாவது வாரம் சூறாவளி கரையைக் கடந்தது. பெஞ்சில் உட்கார்ந்தாள். பக்கத்துப் பிள்ளை தவறவிட்ட பென்சிலை எடுத்துக் கொடுத்துவிட்டு, டீச்சர் பார்க்கிறாரா என்று ஓரக்கண்ணால் பார்த்தாள். அதே வாரம் வருகைப் பதிவின்போது "உள்ளேன் டீச்சர்!" என்று கணீரென ஒரு குரல். புதுப் பிள்ளை யாராவது சேர்ந்திருக்கிறதா என்று டீச்சர் தேடினார். பூனைக்குட்டி.

மாதக் கடைசியில் பெற்றோர் கூட்டம். தலைமை ஆசிரியர் மைக்கைப் பிடித்து, துல்லியமான நிர்வாகம் என்றால் என்ன என்று நாற்பது நிமிடமாக விளக்கிக்கொண்டிருந்தார். டீச்சரின் பக்கத்தில், கிரீஸ் படிந்த விரல்களைச் சட்டையில் துடைத்தபடி லிஃப்ட் மெக்கானிக் வந்து நின்றார்.

"ஸ்கூல்லேருந்து போன்னாலே புகார்தான் டீச்சர். நீங்கதான் மொத மொத நல்ல வார்த்தை சொன்னீங்க. தங்கம்னீங்களே, அதை அப்படியே அவகிட்ட சொன்னேன். 'நா இல்லப்பா, டீச்சர் வேற யாரையோ சொல்றாங்க'ன்னு ஒரே அழுகை. 'டீச்சர் பொய் சொல்லுவாங்களா?'ன்னு கேட்டேன். நா விடல, தினமும் சொன்னேன். ஒருநாள் அவளே, 'நாளைக்கும் போன் வருமாப்பா?'ன்னா. அவ்ளோதான் டீச்சர், அன்னிக்கோட அடங்கிட்டா."

டீச்சர் கைப்பையிலிருந்து பட்டியலை எடுத்துப் பிரித்தார்.

அதற்குள் கழுத்தில் அளவு நாடாவோடு டெய்லர் முந்திக்கொண்டு வந்தார்.

"வீட்டுப் படி தாண்டினா வாயே திறக்க மாட்டா டீச்சர். பெஞ்சு மேல ஏறிக் கத்தினான்னு சொன்னீங்களே, அன்னிக்கு நானும் எம் பொண்டாட்டியும் அவளைத் தூக்கி வச்சுக்கிட்டு ஆடினோம். 'அப்பாவுக்காக வாசல்ல நின்னு ஒரு தடவை கத்துடா'ன்னேன். பயந்து பயந்து கத்தினா. இப்ப பக்கத்து வீட்டுக்காரர் தினமும் சண்டைக்கு வராரு!"

பேச்சு முடிந்து தலைமை ஆசிரியர் இறங்கி வந்தார். டி.சி. புத்தகத்தை மேஜை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினார்.

"பாத்தீங்களா டீச்சர் என் திட்டத்தை! அடுத்த மாசத்துக்குப் பட்டியலை ஒரு தடவை சரிபாத்து, புதுசா அடிச்சுத் தரட்டுமா?"

"வேண்டவே வேண்டாம் சார்." டீச்சர் பட்டியலை நாலாக மடித்துக் கைப்பைக்குள் பத்திரப்படுத்தினார். "இதுவே இருக்கட்டும்."

பதினேழாவது எண்ணும் பதினெட்டாவது எண்ணும் இடம் மாறி அடிக்கப்பட்டிருந்தன.