பி.ஏ. ஹிஸ்டரி, பாலக்காடு

"இந்தக் கோட்டையைச் சுத்தி மூணு வருஷம் நடந்திருக்கேன்" என்றார் சோலை, அகழித் தண்ணீரைக் காட்டி. "ஒவ்வொரு கல்லுக்கும் என்னைத் தெரியும்."

மகள் இந்து போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். "யாருப்பா கட்டினது?"

"ஹைதர் அலி."

"எந்த வருஷம்?"

சோலை தொண்டையைச் செருமினார்.

"என்னா வெயிலு! பீர்மேட்டுல இந்நேரம் ஸ்வெட்டர் போட்டிருப்போம்" என்று குறுக்கே வந்தாள் மனைவி சாந்தம்மாள். "முதல்ல நிழலுக்கு வாங்க."

சோலை பீர்மேட்டில் ஜீப் ஓட்டுகிறவர். வண்டியில் ஏறுகிற டூரிஸ்டுகளிடம் அவர் சொல்லும் முதல் வார்த்தையே "நான் பி.ஏ. ஹிஸ்டரி, பாலக்காடு" என்பதுதான். அந்தக் காலேஜிலேயே, அதே ஹிஸ்டரிக்கு, இப்போது இந்துவுக்கு இடம் கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். அதற்குள் சனி, ஞாயிறு ஊரைச் சுற்றிப் பார்த்துவிடலாம் என்று மூவரும் கிளம்பி வந்திருந்தார்கள்.

கோட்டையிலிருந்து பெரிய கடைத்தெரு, அங்கிருந்து கல்பாத்தி. மிளகாய் எந்தக் கடையில் நயம், வாழையிலைக் கட்டு எத்தனை மணிக்கு வந்து இறங்கும், எந்த வீட்டு அப்பளம் உப்பும் என்றெல்லாம் சோலை பொழிந்து தள்ளினார். ஹிஸ்டரி மட்டும் வரவில்லை.

கல்பாத்தி ஆற்றில் கால் நனைத்துக்கொண்டு நின்றபோது இந்து கேட்டாள். "அப்பா, காலேஜைப் பாத்துட்டு வந்துடலாமா? ஹிஸ்டரி டிபார்ட்மென்ட் சுவத்துல எல்லா பேட்ச் போட்டோவும் மாட்டியிருக்காங்களாம். உங்களைக் கண்டுபிடிச்சு ஸ்டேட்டஸ் போடணும்."

தண்ணீர் கணுக்கால் வரைதான். சோலைக்கு நெஞ்சு வரை குளிர்ந்தது.

"போட்டோ எடுத்த அன்னைக்கு எனக்கு அம்மை போட்டிருந்துச்சும்மா."

"மூணு வருஷமுமா?"

"சனிக்கிழமை பூட்டியிருப்பாங்க."

பூட்டவில்லை. "ஆபீஸ் ஒரு மணி வரைக்கும் உண்டு, போய்ப் பாருங்க" என்று வாட்ச்மேன் கேட்டை அகலமாகவே திறந்துவிட்டார். இந்து உள்ளே ஓட ஆரம்பித்திருந்தாள்.

அந்த நேரம் பார்த்து சாந்தம்மாள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்தாள். "எனக்குத் தலை சுத்துது. ஏதாவது சாப்பிட்டாத்தான் நடப்பேன்."

சோலை மனசுக்குள் அவளுக்கு ஒரு கோயிலே கட்டினார். இந்து முகத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தாள்.

ஆனால் எந்த ஓட்டலைக் காட்டினாலும் சாந்தம்மாள் வேண்டாம் என்றாள். பாலக்காட்டை அதுவரை மிதித்தே இராதவள், விறுவிறுவென்று ஒரு சந்துக்குள் புகுந்து, பழைய சைவ ஓட்டல் ஒன்றின் வாசலில் போய் நின்றாள்.

"இங்க சாப்பிடலாம்."

சோலை அவள் கையைப் பிடித்து இழுத்தார். "இங்க வேணாம். தோசை வாயில வைக்க முடியாது."

"உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?" என்றாள் இந்து.

சோலை வேர்வையைத் துடைப்பதுபோல் கர்ச்சீப்பால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய், சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். மூன்று தோசை வந்தது. இரண்டு வாய்கூட உள்ளே போகவில்லை, கல்லாவிலிருந்த முதலாளி ஜின்சன் எழுந்து வந்து குனிந்து பார்த்தார்.

"எடா, நீ சோலையல்லே? எங்க அப்பன் காலத்துல மூணு வருஷம் இங்க சப்ளையரா நின்னவன்! என்னை மறந்துட்டியா?"

முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டு, சந்தோஷமாக அவர் கல்லாவுக்குத் திரும்பினார்.

இந்து அப்பாவைப் பார்த்தாள். அப்பா சாம்பார் வாளியைப் பார்த்தார்.

"சீட் கிடைக்கலம்மா" என்றார் மெதுவாக. "வெறுங்கையோட எஸ்டேட் லயத்து வீட்டுக்குத் திரும்ப வெக்கமா இருந்துச்சு. காலேஜுல சேந்துட்டேன்னு வீட்டுக்கு லெட்டர் போட்டுட்டு, இங்க ஜோலிக்கு நின்னுட்டேன்."

"அப்ப ஹிஸ்டரி?"

"ஹிஸ்டரி டிபார்ட்மென்டுக்குப் பதினோரு மணி டீ நான்தான் கொண்டுபோவேன்."

இந்து கோபப்படத்தான் பார்த்தாள். சிரிப்பு முந்திக்கொண்டது. "அப்ப நம்ம வீட்ல முதல் டிகிரி நான்தானா?"

"நீதாம்மா."

மகள் சிரித்துவிட்டாள். ஆனால் மனைவியை நிமிர்ந்து பார்க்க சோலைக்குத் தைரியம் வரவில்லை. அவள் தலை சுற்றலெல்லாம் போய், நிதானமாகத் தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"சாந்தா, இருபத்திரெண்டு வருஷமா உன்னை ஏமாத்திட்டேன். படிச்ச மாப்பிள்ளைன்னு நம்பித்தானே உங்கப்பா உன்னைக் கட்டிக் குடுத்தாரு? அவரு இன்னைக்கு உயிரோட இருந்தா எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு முன்னால நிப்பேன்?"

சாந்தம்மாள் வாயிலிருந்ததை மென்று முடித்தாள். "நீங்க கடைசி வருஷம் 'படிச்சுக்கிட்டு' இருந்தப்பவே கல்யாணம் பேசினாங்கல்ல, அப்ப எங்கப்பா உங்க போட்டோவை எடுத்துக்கிட்டு காலேஜுக்கு விசாரிக்க வந்தாருங்க."

சோலையின் கையிலிருந்த தோசைத் துண்டு இலையில் விழுந்தது. "என்ன சொன்னாங்க?"

"அப்படி ஒரு பையனே இங்க படிக்கலைன்னுட்டாங்க."

"அப்புறமும் எப்படிப் பொண்ணு குடுத்தாரு?"

"பசியோட இந்த ஓட்டல்ல வந்து உக்காந்தாராம். சாப்பிட்டுக் கை கழுவுறதுக்குள்ள, 'இந்தப் பையன்தான் நம்ம மாப்பிள்ளை'ன்னு முடிவு பண்ணிட்டாராம்."

"எதை வச்சு?"

"அன்னைக்கு அவருக்குக் கேக்காமலே ரெண்டாவது தடவை சட்னி ஊத்தினது நீங்கதான்."