எழுத்துப் பிழை மட்டும்

பிழை திருத்திக்கொண்டே வந்தவளின் சிவப்புப் பேனா நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் நின்றுவிட்டது.

'ஏகாம்பரம் வீட்டில் எனக்குத் தேநீர் கொடுத்தார்கள். ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தேன்.'



ஏகாம்பரம் அவளுடைய அப்பா. பாதாளச் சாக்கடையில் இறங்கி அடைப்பு எடுத்தவர். அந்த டீயைப் போட்டது அவள்.

அதுவரை நல்ல புத்தகம்தான். அதுதான் கொடுமை. சாக்கடை வாயு அளவு மீறினால் நாற்றமே தெரியாமல் போகும், முதலில் சாவது மூக்கு என்று எழுதியிருந்த பக்கத்தை இரண்டு முறை படித்திருந்தாள். அப்பாவோடு வேலை செய்த இரண்டு பேர் அப்படித்தான் போனார்கள். இந்த ஆளுக்கு எழுத வருகிறது, சந்தேகமே இல்லை.

பின்னட்டை வாசகம் மேஜைமேல் கிடந்தது. 'சிந்திக்கத் துணிந்தவர்களுக்கு. மனசாட்சியை உலுக்கும் நூல்.'

உலுக்கும். நன்றாக உலுக்கும்.

ஆறு வருஷத்துக்கு முன் ஒரு மத்தியானம், இந்தப் புத்தகத்துக்காக அப்பாவிடம் பேச எழுத்தாளர் வீட்டுக்கு வந்தார். அவள் ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். நல்ல பாலுக்காக இரண்டு தெரு ஓடினாள். ஏலக்காய் தட்டிப் போட்டாள். புது டம்ளரில் கொடுத்தாள். எழுத்தாளர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பழைய போட்டோ ஒன்றை எடுத்துவர அப்பா உள்ளே போனார்.

வாசலில் பெயிண்ட் டப்பாவில் ஒரு கற்றாழை.

அவள் கதவிடுக்கில் நின்று பார்த்தாள். டீ முழுசும் அந்த டப்பாவுக்குள் போனது. பிறகு எழுத்தாளர் கர்ச்சீப்பை எடுத்து உதட்டை ஒற்றிக்கொண்டார்.

டீ படாத உதட்டை.

பாலாடை கற்றாழை மடலில் ஒட்டிக்கொண்டு தொங்கியது. சாயங்காலத்துக்குள் எறும்பு மொய்த்துவிட்டது. மறுநாள் காலையில் மடல் சுத்தமாக இருந்தது. ஏன் என்று அவள் யோசிக்கவில்லை.

அப்பாவிடம் அவள் எதையும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? புக்கு எழுதுற சார் எம்பொண்ணு போட்ட டீயைக் குடிச்சார் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். இன்றும் சொல்கிறார்.

"முடிஞ்சுதாம்மா?" முன்னறையிலிருந்து பதிப்பாளர் கேட்டார். "எழுத்துப் பிழை மட்டும் பாரு. கருத்துல கை வைக்காத. சார் இனிமே பாக்க மாட்டார், நேரா அச்சுக்குத்தான்."

விட்டுவிடலாம். அப்பாவுக்குச் சந்தோஷம். ஊருக்கு ஒரு நல்ல மனிதர். அவளுக்கு வேலையும் போகாது. ஒரு பொய்தானே, விழுங்கிக்கொள்ளலாம்.

போன் அடித்தது. அப்பா. இந்தப் புத்தகம் அவள் கைக்கு வந்தது தெரிந்ததிலிருந்து தினமும் கூப்பிடுகிறார்.

"நம்ம பக்கம் வந்துச்சா?"

"வந்துச்சுப்பா."

"டீ விசயம் போட்டுக்கிறாரா?"

"ம். ஒரு சொட்டு மிச்சம் வைக்காம குடிச்சாராம்."

 



"அந்தக் கத்தாழைய நான்தாம்மா கழுவுனேன்."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"நீ ஆசையா போட்ட டீ," என்றார். "உனக்குத் தெரியக் கூடாதுன்னுதான் குடிச்சாரு குடிச்சாருன்னு சொல்லிக்கினு இருந்தேன்."

போனை வைத்தாள். சிவப்புப் பேனாவை எடுத்தாள்.

'குடித்தேன்' மேல் ஒரு கோடு போட்டாள்.

ஓரத்தில் 'கொட்டினேன்' என்று எழுதினாள்.

ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல். மற்றச் சொற்களில் கை வைக்க வேண்டியிருக்கவில்லை.

பதிப்பாளர் வந்து தாள்களுக்குக் கை நீட்டினார். "பெருசா ஏதாவது இருந்துதா?"

"இல்ல சார்," என்றாள். "எழுத்துப் பிழைதான்."