முதுகில் ஒன்பது

"மறுபடியுமா? போன வாரம் தைச்ச நூலே இன்னும் அழுக்காவல சார்!"

லூர்துமேரி கத்தரிக்கோலைத் தையல் மிஷின் மேல் டொக்கென்று வைத்தாள். விழுப்புரத்தில் கல்லூரிக்கு எதிரே இருந்த அவளுடைய சின்னக் கடையில் பதினோரு பனியன்கள் குவியலாகக் கிடந்தன. அவற்றைக் கொண்டுவந்து கொட்டியவர் வெங்கடாசலம். கல்லூரியின் கால்பந்து டீமுக்கு அன்று காலையில்தான் கோச்சாக வந்து சேர்ந்திருந்தார்.

எண்பத்தாறாம் வருஷம் பிறந்து எட்டு மாதத்தில் இவர் நாலாவது கோச். முதல் ஆள் பாண்டிச்சேரியில் ஒரு மில் டீமுக்குப் போய்விட்டார். இரண்டாவது ஆளுக்கு துபாய் விசா வந்தது. மூன்றாவது ஆள் பிரின்சிபாலோடு சண்டை போட்டுக்கொண்டு, விசிலைக்கூடத் திருப்பித் தராமல் கிளம்பினார். வந்த ஒவ்வொருவரும் முதல் வேலையாகப் பையன்களை இடம் மாற்றினார்கள். இடம் மாறினால் முதுகு நம்பர் மாறும். நம்பர் மாறினால் லூர்துமேரி பிரித்துப் பிரித்துத் தைக்க வேண்டும். துணியெல்லாம் சல்லடையாகிவிட்டது.

"பழைய கோச் போட்ட டீமு சுத்த தப்பும்மா. நாளைக்கு திண்டிவனத்துல ஃபைனல். இந்தா லிஸ்டு. இதுல இருக்கிற மாதிரி நம்பர மாத்திடு."

அவள் லிஸ்டைப் படித்தாள். 'தேவசகாயம் - 2' என்ற இடத்தில் கண் நின்றது.

"சார், இவன் என் தம்பி. ஒன்பதாம் நம்பர்ல முன்னாடி ஆடறவன். ரெண்டுன்னா பின்னாடி நின்னு தடுக்கணுமே! அவனுக்கு கோல் போடறதத் தவிர வேற எழவும் தெரியாது."

"கத்துக்குவான்."

"நாளைக்குத்தான் ரயில்வேகாரங்க ஆளெடுக்க வர்றாங்க சார். இருக்கிறது ஒரே ஒரு வேலை. எங்கப்பா செத்ததுல இருந்து இந்த நாளுக்குத்தான் காத்துக்கினு இருக்கோம். பின்னாடி நின்னுக்கினு இருந்தா யாரு கண்ணுல படுவான்?"

"உன் தம்பிக்கோசரம் டீம் போட முடியுமா? ஒன்பது பெரியதம்பிக்கு. கோலியனூர் பையன். நல்லா ஓடுவான்னு கேள்வி."

"கேள்வியா? நீங்க பார்த்ததே இல்லியா?"

"எனக்கு எவன் மூஞ்சியும் இன்னும் பழகல. நம்பர் தெரிஞ்சா போதும்."

"பெரியதம்பி நல்லாத்தான் ஓடுவான் சார். பந்து கிட்ட வந்தா எதிர்ப்பக்கமா ஓடுவான்!"

"ஏம்மா, நீ டெய்லரா, கோச்சா?"

அவர் விறுவிறுவென்று போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் தேவசகாயம் சாப்பாட்டுக்கு வந்தான்.

"ஏண்டா, நாளைக்கு எந்த எடத்துல ஆடப்போற? புது கோச் எதனா சொன்னாரா?"

"ஒண்ணும் சொல்லலக்கா. யாரு எங்க ஆடறதுன்னு டீமுல ஒருத்தனுக்கும் ஞாபகம் இல்ல. ஆளாளுக்கு மாத்தி மாத்தி பேஜாரு பண்ணிட்டாங்க. காலர்ல நீ பேரு தைச்சிருக்கியே, அதப் பார்த்து அவனவன் பனியன எடுத்து மாட்டிக்குவோம். முதுகுல இன்னா நம்பர் இருக்குதோ அந்த எடத்துல போயி நிப்போம்."

"நல்லா இருக்குதுடா உங்க டீமு. போ, போய் சாப்புடு."

சாயங்காலம் ஐந்து மணிக்கு, பதினோரு பனியன்களும் இஸ்திரி போட்டு மடித்து, பையில் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தன.

மறுநாள் பொழுது சாயும் நேரத்தில் வெங்கடாசலம் வேர்வையோடு கடைக்குள் நுழைந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"டெய்லரம்மா! மூணு கோல்! கப்பு நமக்கு! பசங்க பஸ் ஸ்டாண்டுல கூத்தடிச்சிக்கினு இருக்கானுங்க. உன்கிட்டச் சொல்லணும்னே முன்னாடி ஓடியாந்தேன். நேத்து இன்னா பேச்சுப் பேசின! உன் தம்பி ரெண்டாம் நம்பர்ல செவுரு மாதிரி நின்னான். ஒரு பந்து தாண்டணுமே!"

லூர்துமேரி தலையைக் குனிந்து ஊசியில் நூல் கோத்தாள்.

"அப்பிடிங்களா சார்? கோலு யாரு போட்டது?"

"மூணும் ஒன்பதாம் நம்பர்தான்! 'ஒன்பதே, ராசா'ன்னு கட்டிப் புடிச்சிக்கினேன். நான் மாத்தினது வீணாப் போச்சா, சொல்லு?"

"ரயில்வேகாரங்க பார்த்தாங்களா சார்?"

"பார்க்காம? ஒன்பதாம் நம்பர்தான் வோணும்னு ஒத்தக் கால்ல நின்னாங்க. அவங்களுக்கு ரயிலுக்கு நேரமாயிடுச்சி, ஜல்தி ஜல்தின்னு பறந்தாங்க. பசங்க கும்பல்ல எவன் எங்கன்னு தேடறது? லிஸ்டப் பார்த்து நானே ஃபாரத்துல பேரு, ஊரு எல்லாம் எழுதி, கையெழுத்துப் போட்டு குடுத்தனுப்பிட்டேன். வேலை கெடைச்ச மாதிரிதான்."

"யாரு பேரு சார் எழுதினீங்க?" ஊசி விரலில் குத்தியதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

"இது இன்னா கேள்வி? கோலியனூர் பெரியதம்பி பேருதான்!"

லூர்துமேரி பொத்தென்று ஸ்டூலில் உட்கார்ந்தாள். நேற்று அந்தப் பதினோரு பனியன்களில் ஒரு நூலைக்கூட அவள் பிரிக்கவில்லை.