லிஸ்பன் தெருவில் குச்சிக்கிழங்கு

ஓவியர்கள் தங்கி வரையும் விடுதி ஒன்றில் தங்க லிஸ்பன் போன வித்யாஸ்ரீ, சுற்றிய தெருக்களையெல்லாம் படமெடுத்து அம்மா மாராயிக்கு அனுப்பினாள். மலையூரில் டவர் கிடைக்கும் ஒரே பாறையில் ஏறித்தான் மாராயி பார்ப்பாள். எல்லாப் படத்திலும் மரவள்ளி எனும் குச்சிக்கிழங்குக் கூடையைச் சுமந்தபடி ஒருத்தி முதுகு காட்டி நடந்தாள்.

"அது யாரு கண்ணு?"

"தெருவுல யாருமே இல்லியேம்மா."

இன்றைய படத்தில் அவள் விடுதியின் நீலக்கதவருகே நின்றாள். காலையில் மிளகு பறிக்கையில் மாராயியின் சேலையில் விழுந்த கிழிசல், அவள் சேலையிலும் இருந்தது. மாராயி பதறிப்போய்ப் போன் போட்டாள்.

"இரும்மா, யாரோ கதவத் தட்டறாங்க."

"தெறக்காத சாமி!"

டவர் போய்விட்டது. போனைத் தூக்கிப் பிடித்தபடி மாராயி பாறை முழுக்க அலைந்தாள். மரக்கதவை ஓங்கித் தட்டியதுபோல் அவளுடைய விரல் முட்டிகள் வலித்துக்கொண்டே இருந்தன.