சண்டியனுக்குப் பத்து நாள்

பத்தாவது நாள் காலையிலும் சண்டியன் சாகவில்லை.

சேனாதிபதி கூண்டுக்கு முன்னால் குத்தவைத்து, டார்ச் அடித்து அதன் கண்ணைப் பார்த்தான், வாயைப் பார்த்தான். காய்கறி ஏற்றும் பிளாஸ்டிக் பெட்டி இரண்டை வாய்க்கு வாய் வைத்துக் கம்பியால் கட்டியதுதான் கூண்டு. உள்ளேயிருந்து சண்டியன் ஒரு சீறு சீறியது.

"ஏ ஷர்மிளா, இங்க வந்து பாரு. கல்லுக்குண்டு மாதிரி இருக்கான். பத்து நாளும் முடிஞ்சுபோச்சு. பிள்ளைக்கு இனி ஒண்ணுமில்ல."

ஷர்மிளா பழனி இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். பத்து நாளாக அவள் சரியாகத் தூங்கவில்லை.

பேத்துப்பாறையில் அவர்கள் வீட்டில் பூனை இரண்டு, ஒரே வயிற்றுப் பிள்ளைகள். அண்ணன் சண்டியன் கோழியை விரட்டும், பால்காரர் காலைப் பிறாண்டும், பொழுது சாய்ந்தால் வீடு தங்காது. தங்கச்சி பொம்மி வாயில்லாப் பூச்சி. மகள் பிரியாவின் கம்பளிக்குள் சுருண்டால் விடியும்வரை அசையாது.

இரண்டையும் பெற்ற தாய்ப்பூனை போன வருஷம் சேனாதிபதியின் கையைக் கடித்தது. அன்றைக்கே அதைச் சாக்கில் கட்டிப் பெருமாள்மலைப் பக்கம் விட்டுவிட்டு வந்தான். கடிக்கிற பூனைக்கு இந்த வீட்டில் இடமில்லை என்று அப்போதே சட்டம் போட்டாகிவிட்டது.

பத்து நாளைக்கு முன்னால், விடிந்தும் விடியாத நேரத்தில் பிரியா அலறினாள். ஷர்மிளா அடுப்படியிலிருந்து ஓடிவந்து பார்த்தபோது, பிள்ளை கம்பளிக்குள் உட்கார்ந்து கன்னத்தைப் பொத்திக்கொண்டிருந்தது. விரலிடுக்கில் ரத்தம்.

"எதுத்தா கடிச்சது?"

ஏழு வயசுப் பிள்ளை. கொஞ்ச நேரம் விக்கி விக்கி அழுதுவிட்டுச் சொன்னது. "சண்டியன்."

வேறு எது கடிக்கும்? யாரும் மறுகேள்வி கேட்கவில்லை. சேனாதிபதி சாக்கைத் தேடிப் போய்விட்டான்.

"சாக்கு கெடக்கட்டும், வெரசா பிள்ளையத் தூக்குங்க" என்று ஷர்மிளாதான் கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குக் கிளப்பினாள். ஊருக்குள் வெறிநாய் ஒன்று சுற்றிக்கொண்டிருந்த நேரம் அது. டாக்டரம்மா முதல் ஊசியைப் போட்டுவிட்டுக் கறாராகச் சொன்னார்.

"முகத்துல கடிச்சிருக்கு, அசால்ட்டா இருக்காதீங்க. மூணாம் நாள், ஏழாம் நாள் ஊசியை விட்டுறாதீங்க. கடிச்ச பூனையை விரட்டாம பத்து நாள் பாருங்க. அதுக்குள்ள அது செத்துட்டா வெறிநோயா இருக்கலாம். பிள்ளைக்கு வெறி வந்துருச்சுன்னா அப்புறம் யாராலயும் காப்பாத்த முடியாது."

இவ்வளவு சொன்னதில் சேனாதிபதியின் காதில் தங்கியது பூனை மட்டும்தான். மூன்றாம் நாள் பூண்டு பிடுங்குகிற சோலி. ஏழாம் நாள் மழை. "பூனை மூக்குப்பிடிக்கத் திங்குது, பிள்ளையப் போட்டு எதுக்குக் குத்தணும்?" என்றான். பிள்ளையும் ஊசி என்றாலே கட்டிலுக்கடியில் போய் ஒளிந்தது. ஷர்மிளா சண்டை போட்டுப் பார்த்து ஓய்ந்துபோனாள். இப்படி ஒரு ஆளை வைத்துக்கொண்டு அவளும் என்னதான் செய்வாள்?

பிரியா தினமும் தனக்கு வைத்த பாலைக் கூண்டுக்குள் ஊற்றினாள். "கடிச்சதுக்கே பால் ஊத்துறா பாருங்க, பிள்ளைக்கு எம்புட்டு மனசு" என்று ஷர்மிளா உருகினாள். பொம்மியோ விறகு அடுக்குக்குப் பின்னால் போய் ஒண்டிக்கொண்டது. சோறு வைத்துக் கூப்பிட்டாலும் வரவில்லை. அண்ணனை அடைத்துப்போட்ட கவலை என்று பேசிக்கொண்டார்கள்.

இன்றைக்குக் கெடு முடிந்ததும் சேனாதிபதி சாக்கை எடுத்து உதறினான்.

"இவனப் பெருமாள்மலையில விட்டுட்டு வந்துருதேன்."

"வேண்டாம்ப்பா. அவன் பாவம்ப்பா." பிரியா கூண்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நகர மறுத்தாள்.

அந்த நேரம் பார்த்து, விறகு எடுக்கப் போன ஷர்மிளா கூப்பிட்டாள். "ஏங்க, இங்க வாங்க. பொம்மி செத்துக் கெடக்கு."

அடுக்குக்குப் பின்னால் விறைத்துக் கிடந்தது பொம்மி. எறும்பு மொய்த்திருந்தது. செத்து இரண்டு மூன்று நாளாவது இருக்கும்.

"நோஞ்சான். திங்காமக் கெடந்தா இந்தக் குளிரைத் தாங்குமா?" என்று சேனாதிபதி வேலியோரம் குழி வெட்டினான். மண்ணைத் தள்ளி மூடும்வரை பிரியா பக்கத்திலேயே நின்றாள். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அதைப் பார்க்க அவனுக்கே மனசு கேட்கவில்லை.

"சரித்தா, சண்டியன் இங்கனயே கெடக்கட்டும். உன்னையக் கடிச்சத மன்னிச்சு விட்டாச்சு. போதுமா?"

பிரியா கன்னத்துத் தழும்பைச் சொறிந்துகொண்டே அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"இனிமே பொம்மிய யாரும் எங்கயும் கொண்டுபோய் விட முடியாதுல்லப்பா?"

"செத்ததை எங்கத்தா கொண்டுபோக?"

"அப்ப சொல்லிறட்டா? என்னையக் கடிச்சது பொம்மிதான்."